சாவியை எடுத்த பிறகும் நிற்காத வண்டி

டாக்டரம்மா தபாலாபீஸ் படியேறி வந்தார். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, என் மேஜைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி இருந்தது.

"தம்பி, நல்லாப் பாத்துக்கங்க. கார் சாவி ஏங் கையில இருக்கு."

"ஆமாங்கம்மா."

"இப்ப அங்கிட்டுப் பாருங்க."

வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய கார் நின்றது. நின்றது என்பது பாதி உண்மைதான். சக்கரம் நின்றிருந்தது; இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கான்வாஸ் கூரை நடுங்க, மட்கார்டு கடகடக்க, பின்னாலே நீலப் புகை விட்டபடி அது பாட்டுக்கு ஓடியது. அன்று சந்தை நாள். கத்தரிக்காய்க் கூடையோடு போனவர்கள், கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் கூடையும் கோழியுமாக வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஆள் இல்லாத கார் ஓடுவதை அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

"சாவிய எடுத்து நூறு எண்ணியாச்சு. நிக்கல. ஒருவேள நீங்க சொன்னாக் கேக்குமோன்னு வந்தேன்" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அந்தக் காருக்குப் புது டேஷ்போர்டு போட்டவன் நான்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் கடைசித் திருகைத் திருகி, துணியால் துடைத்து, "இனி ஒரு குறையும் இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஊரிலே கரண்ட் தெரிந்தவன்

எனக்குத் தந்தி இலாகாவில் வேலை கிடைத்து, கறம்பக்குடியில் வந்து இறங்கியதுவரை போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ஊரில் எனக்கு எப்படி ஒரு தப்பான பெயர் வந்தது என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கறம்பக்குடிக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. கடைத்தெருவில் மண்ணெண்ணெய் விளக்கு. பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் காஸ் லைட். ஊர் முழுவதிலும் மின்சாரம் இருந்த ஒரே இடம் எங்கள் ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு மர அலமாரி. உள்ளே வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளில் நவச்சாரம் கரைத்த தண்ணீர். அதுதான் தந்திக்கான பாட்டரி. அந்த அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்ததால், எனக்குக் கரண்ட் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

டார்ச் லைட் எரியாவிட்டால் என்னிடம் வரும். கைக்கடிகாரம் நின்றுபோனால், அதில் கரண்டே இல்லாவிட்டாலும், என்னிடம்தான் வரும். ஒரு நாள் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, "லேசாக் கரண்ட் வச்சு விடுங்க சார், வலி தாங்கல" என்றார். இது அதற்கில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஜாடியின் மேலே விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஜாடி ஓர் எறும்பைக்கூட அதிர வைக்காது. ஆனால் அவர் எழுந்து, "இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். மறுநாள் ஒரு கவுளி வெற்றிலை வந்தது.

இப்படிப் பாராட்டிப் பாராட்டி, எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் அந்த நம்பிக்கை வருவதற்கு அதிகச் செலவு ஆவதில்லை.

தந்தி என்றால் அப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு வேலை உறுதியானதும், சந்தோஷ சமாசாரம் உடனே தெரியட்டும் என்று ஆவுடையார்கோவிலில் இருந்த என் வீட்டுக்கு நானே ஒரு தந்தி அடித்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பியதுமே என் தாயார் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டார். அண்டை அயல் கூடி, பாதித் தெரு அழுது முடித்த பிறகுதான் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து பிரித்துப் படித்தார். "வேலை கிடைத்தது" என்று இருந்ததாம். அழுகையை உடனே நிறுத்த முடியாமல் இன்னும் கொஞ்சம் அழுதார்களாம்.

சரி, காருக்கு வருகிறேன்.

பலாப் பலகை

டாக்டர் செபஸ்தியம்மாளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரம்மா, அவ்வளவுதான். ஆவூர்க்காரர். தகப்பனார் அங்கே பள்ளி ஆசிரியர். நாற்பதை நெருங்கிய வயது. கனமான மூக்குக் கண்ணாடி. சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பாக்கணும், நேரம் வரல" என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

சுற்று வட்டாரத்தில் பிரசவம் சிக்கலானால் அவர்தான் போக வேண்டும். அதற்காகவே திருச்சியில், சீமைக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தச் சின்னக் காரை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மாட்டு வண்டிகள் தாமாக ஓரம் கட்டும்.

காரின் டேஷ்போர்டு இரும்புத் தகடு. அதில்தான் சாவித் துவாரம், ஹார்ன் பொத்தான், ஒரு சின்ன விளக்கு, இரண்டு முள் காட்டும் வட்டங்கள் எல்லாம் இருந்தன. தகடு துருவேறி, ஓரம் பல் பல்லாகப் பிய்ந்திருந்தது. ஒரு நாள் குழியில் வண்டி தூக்கிப் போட, அந்த ஓரம் அவருடைய வலது கை விரல்களைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு கவர் வாங்க வந்தார்.

"பத்து நாளைக்கு இந்தக் கையால ஒரு பிரசவமும் பாக்க முடியாது. அந்தத் தகரத்தப் பிடுங்கி எறியணும் தம்பி" என்றார்.

"நான் மரத்துல செஞ்சு மாட்டித் தர்றேம்மா" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதுதான்.

புதுக்கோட்டையில் மெக்கானிக் இருந்தார். அவரிடம் விட்டால் வண்டி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் டாக்டரம்மா என்னை நம்பினார்.

ஆசாரி ஒருவரிடம் பலாப் பலகை இழைத்து வாங்கினேன். இழைத்த தூள் மஞ்சள் மஞ்சளாக என் வேட்டியெல்லாம் ஒட்டியிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒவ்வொரு வயரிலும் ஒரு நிற நூலைக் கட்டி, எது எங்கே இருந்தது என்று தந்தித் தாளின் பின்பக்கம் படம் போட்டுக்கொண்டேன். அழகாக இருக்கட்டும் என்று பலகையின் முகத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்தேன். எங்கள் லைன்மேன் கருப்பையா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். சாவித் துவாரம், பொத்தான், விளக்கு மூன்றையும் அந்தப் பித்தளையில் பொருத்தி, வார்னிஷ் அடித்தேன். வயர் எல்லாம் அதனதன் இடத்தில். ஒன்றுகூட மிச்சம் இல்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

பெட்ரோலை வீணாக்க வேண்டாம் என்று அன்று வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. அதுதான் மறுநாள் சந்தை பார்த்த காட்சி.

குதித்து நிற்கும் கார்

வேப்பமரத்தடிக்கு ஓடினேன். டாக்டரம்மா இன்னொரு விஷயத்தையும் காட்டினார்.

"ஹார்ன அமுக்குறேன், பாருங்க."

அமுக்கினார். ஹார்ன் சத்தமே இல்லை. ஆனால் பலகையில் இருந்த சின்ன விளக்கு மினுக்கென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி அமுக்கினார், எரிந்தது.

"மாடு குறுக்க வந்தா நான் வெளக்குக் காட்டணும் போலருக்கு" என்று அந்தச் சிரிப்பைச் சிரித்தார். சந்தைக் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"பேய் புடிச்சிருச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

கருப்பையா அமைதியாகச் சொன்னார்: "பேய் புடிக்கல. எங்க சார் புடிச்ச வண்டி."

கடைசியில் இன்ஜினை நிறுத்த டாக்டரம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பிரேக்கை அழுத்தி, கியரைப் போட்டு, கிளச்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஆட்டுக் கிடாய் மாதிரி ஒரு துள்ளு துள்ளி, முனகிச் செத்தது. வேப்பம்பழம் நாலைந்து கூரைமேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கார் போன இடமெல்லாம் குதித்துத்தான் நின்றது. மறுபடி கிளப்ப முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தனியாகப் போகும் பெண்பிள்ளை எத்தனை தடவை சுற்றுவார்? அதனால் நோயாளி வீட்டு வாசலில் ஓடவிட்டே உள்ளே போய்விடுவார். பெட்ரோலோ கூப்பனுக்குத்தான் கிடைக்கும். மாதம் பாதிகூட ஆகவில்லை. தொட்டி வற்றிப்போய், இரண்டு பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் போனார். ஒன்றுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். "எனக்கு வேலையே வைக்கல, நல்ல பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நலமாக இல்லாதிருந்தால்?

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாவித் துவாரத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பலனில்லை. உள்ளே வயர் ஒடிந்திருக்கும் என்று புது வயர் போட்டேன். பலனில்லை. ஹார்னை அமுக்கினால் விளக்கு எரிகிறதே, இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று மாற்றினேன். இப்போது ஹார்னும் இல்லை, விளக்கும் இல்லை. பழையபடி மாற்றினேன்.

என் மூளையில் ஒரே எண்ணம்தான் சுற்றியது. சாவியை எடுத்தால் மின்சாரம் அறுபட வேண்டும், அறுபடவில்லை, எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது? அந்த இடத்தைத் தேடித் தேடி, பலகையின் அடியில் மல்லாந்து படுத்து, என் பின்னந்தலையில் வார்னிஷ் வாசனை நிரந்தரமாகிவிட்டது.

டாக்டரம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஹார்னாக நான்

ஐப்பசி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து வந்த கையோடு டாக்டரம்மா என் அறை வாசலில் வண்டியை நிறுத்தாமல் நிறுத்தினார்.

"ஏறுங்க தம்பி. மேற்க ஏழெட்டு மைல். தலைப் பிரசவம். மழைக்கு ரோடெல்லாம் ஆடும் மாடும். எனக்கு ஹார்ன் வேணும்."

நான் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் கதவுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு, "ஓரம்! ஓரம்!" என்று கத்தினேன். ஆடுகள் விலகின. ஒரு எருமை மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டரம்மா அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த வீடு மாயழகு என்பவருடையது. மகள் செல்லம்மா தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். சந்து அந்த வீட்டோடு முடிந்தது. வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் காரின் மூக்கு நின்றது. முந்தின நாள் மழையில் ஊறிய சேற்றில் சக்கரம் பாதி இறங்கியது; பின்னால் எடுக்கவும் வரவில்லை. குதிக்கவைத்து நிறுத்தலாம் என்றால், குதித்தால் மண்சுவரில்தான் போய் இடிக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் செல்லம்மா படுத்திருந்தாள்.

"ஓடட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "ஆத்தா! அந்தச் சனியன நிறுத்தச் சொல்லு ஆத்தா! மண்டைக்குள்ள ஓடுது!"

நான் சேற்றில் நின்று தலையைச் சொறிந்தேன்.

பிறகு டாக்டரம்மாவே வாசலுக்கு வந்தார். கையில் மரக்குழல் இருந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் அதை வைத்து மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"தம்பி, கொழந்தை நெஞ்சு கேக்கல. வண்டிச் சத்தந்தான் கேக்குது. செவுரே அதிருது. துடிப்பு கொறைஞ்சிருந்தா இப்பவே புதுக்கோட்டைக்குக் கொண்டு போகணும். இந்த ரோட்டுல தூக்கிப்போட்டுக்கிட்டுப் போனா அதுவே ஆபத்து. நல்லா இருந்தா இங்கயே பொறுத்திருக்கலாம். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும். எப்படியாச்சும் நிறுத்துங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மண்

வண்டியைத் தூக்கி அப்பால் தள்ள ஆள் வேண்டும். ஆம்பிளைகள் எல்லாம் வயலில். மாப்பிள்ளை வரப்பில் விழுந்தடித்து ஆள் கூப்பிட ஓடினார். மாயழகு சும்மா நிற்கவில்லை. வைக்கோலை நனைத்துச் சுருட்டி, புகைக் குழாயில் திணித்தார். இன்ஜின் ஒரு தும்மல் தும்மியது. வைக்கோல் பீறிட்டு வந்து அவர் மீசையிலும் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டது. "திமிரப் பாத்தீங்களா சார்!" என்றார்.

நான் மூடியைத் திறந்து, இன்ஜினுக்குத் தீப்பொறி போகும் தடித்த வயரைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். கையில் அடித்த அடியில் இரண்டு எட்டு பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். கொடிக்கால்காரர் ஆசைப்பட்ட கரண்ட் எனக்குக் கிடைத்தது.

எழுந்து, டேஷ்போர்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இந்தச் சாவித் துவாரம்தானே நிறுத்தவேண்டியது, இது ஏன் நிறுத்தவில்லை என்ற கோபத்தில் அதைப் பித்தளைத் தகட்டிலிருந்து கழற்றி வெளியே இழுத்தேன். வயரோடு தொங்கியது. கண்ணருகே கொண்டுவந்து பார்க்கத் திருப்பினேன். அதன் இரும்பு முதுகு ஸ்டியரிங் தண்டில் உரசியது.

இன்ஜின் இருமியது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உரசினேன். மறுபடி இருமியது. தண்டோடு அழுத்திப் பிடித்தேன்.

நின்றுவிட்டது.

அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. மாயழகு வைக்கோலோடு அப்படியே நின்றார். நான் கையை எடுக்கப் பயந்து, அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே டாக்டரம்மா குழலில் காதை வைத்திருப்பார். ஒரு நிமிஷமா, இரண்டு நிமிஷமா தெரியாது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஓடுது தம்பி! நல்லா ஓடுது! தந்தி அடிக்கிற மாதிரி அடிக்குது!"

மாயழகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எங்கள் ஆபீஸுக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஒரே கம்பிதான். போன மின்சாரம் திரும்பி வர இன்னொரு கம்பி கிடையாது. மண்ணே திரும்பும் வழி. ஆபீசுக்குப் பின்னால் ஒரு குழியில் செப்புத் தகடு புதைத்திருந்தார்கள். கோடையில் மண் காய்ந்தால் தந்தி முனகும். கருப்பையா தினமும் அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றினாரா என்று தினமும் கேட்பவன் நான்!

காரிலும் அதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் போக ஒரு வயர். திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்பு. அந்த வண்டிக்கு அதுவே மண். துருப்பிடித்த பழைய தகடு அந்த உடம்போடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நான் மரத்தை மாட்டினேன். மரத்தில் மின்சாரம் போகாது. என் அழகான பித்தளைத் தகடு எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. ஹார்னின் மின்சாரம் திரும்ப வழி இல்லாமல், விளக்குக்குள் புகுந்து, எங்கெங்கோ சுற்றிப் போயிருக்கிறது.

சாவி விஷயம்தான் என்னை நன்றாக ஏமாற்றியது. அந்த ரக வண்டியில் தீப்பொறிக்குப் பாட்டரி வேண்டாம். இன்ஜினே சுற்றிச் சுற்றி உண்டாக்கிக்கொள்ளும். அதை நிறுத்த எதையும் அறுப்பதில்லை. மாறாக, அந்த மின்சாரத்தை இரும்பு உடம்போடு இணைத்து விடுவார்கள்; அது உடம்பில் வடிந்துபோகும்; இன்ஜின் நிற்கும். எங்கே அறுபடவில்லை என்று நான் அத்தனை நாளும் தேடினேன். எங்கே இணையவில்லை என்று தேடியிருக்க வேண்டும்.

மாயழகு கொடுத்த கம்பி

பித்தளைத் தகட்டையும் ஸ்டியரிங் தண்டையும் இணைக்க ஒரு முழம் கம்பி போதும். அந்த ஒரு முழம்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லாத ஊர், வீட்டில் இருந்ததெல்லாம் கயிறு.

"கம்பின்னா இரும்புதான் வேணுமா சார்?" என்று மாயழகு கேட்டார்.

"செம்பு, பித்தளை, எதுவும் ஆகும். வெள்ளிதான் எல்லாத்தையும்விட நல்லது. அதுக்கு எங்க போறது?"

அவர் வைக்கோல் போருக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறு கையில் அவருடைய வெள்ளி அரைஞாண்.

"மாட்டுங்க."

"வேண்டாங்க, இது..."

"எம் பேரப்புள்ள நெஞ்சக் கேக்க வச்ச வண்டி சார். மாட்டுங்க."

சாவித் துவாரத்தைத் தகட்டில் திரும்பவும் பொருத்தி, அரைஞாணின் ஒரு நுனியைத் தகட்டுத் திருகிலும் மறு நுனியைத் தண்டின் கீழே இருந்த இரும்பு மரையிலும் முறுக்கிக் கட்டினேன்.

மத்தியானம் தாண்டிப் பிள்ளை பிறந்தது. பெண். அதன் அழுகை சந்து முழுக்கக் கேட்டது. வயலிலிருந்து வந்த ஆட்களுக்கு இப்போது காரைத் தூக்கும் அவசரம் இல்லாததால் கருப்பட்டித் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சந்தோஷத்தில் நிதானம் இழந்து ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கினேன். அது கத்திய கத்தில் கோழிகள் கூரையேறின.

"தம்பீ!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. "இப்பத்தான் கண்ண மூடுச்சு. இனி ஒரு வாட்டி அமுக்குனீங்க, உங்களுக்கு ஊசி போட்டுருவேன்!"

புறப்படும்போது அந்த ஆட்கள் காரைச் சேற்றிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். திரும்பும் வழியில் ஊர் தாண்டியதும், ஆள் நடமாட்டமே இல்லாத கண்மாய்க் கரையில் டாக்டரம்மா வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். நின்றது. அப்படியே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீரில் நாரைகள் நின்றன.

"தப்பு என்னோடதுதாம்மா" என்று ஆரம்பித்து, மண், மரம், பித்தளை எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. பலகை மாத்துன மறுநாள் வந்த வியாதி. பலகை மாத்துனதாலதான வந்திருக்கும். நான் டாக்டரு."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா மெக்கானிக்கிட்ட விட்டுருங்கன்னு ஒதுங்கிக்குவீங்க. அவரு அடுத்த அமாவாசைக்குத் தருவாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எறங்கிச் சுத்துங்க."

சுற்றினேன். ஒரே சுற்றில் கிளம்பியது. கறம்பக்குடி வரைக்கும், குறுக்கே ஒன்றும் வராதபோதும் ஹார்னை அடித்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே நல்ல செப்புக் கம்பி வாங்கி இரண்டு நுனியிலும் ஈயம் பற்றவைத்துப் பொருத்தினேன். அரைஞாணைப் புளி போட்டுத் தேய்த்து, காகிதத்தில் சுற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவோடு போய் மாயழகிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அப்ப இனிமே அந்தக் காரு நம்ம வெள்ளியில ஓடாதா?"

செம்பே போதும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய், கத்தியால் நெம்பி, அரைஞாணின் கடைசிக் கண்ணி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து, மல்லாந்து படுத்து, மரையைத் தளர்த்தி, செப்புக் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே அந்தக் கண்ணியை வைத்து இறுக்கினேன். மாயழகு குனிந்து, என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் ஹார்ன் கேட்கும்போதெல்லாம், வயலில் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம், "கேட்டியா, நம்மளோடதுதான்" என்பாராம்.